சாம்பிள் வெடிக்கும் நேரம்

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் செல்லத்தாய் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். "புள்ளைக அளுற சத்தம் கேக்கும், அங்கன போங்க" என்பார்கள். பிள்ளைகள் அழாத நேரத்தில் செல்லத்தாயின் சத்தம் கேட்கும். இரண்டில் ஒன்று எப்போதும் உண்டு என்பதால் வழி தவறியவர்கள் கிடையாது.

பட்டாசு ஆலைக்குள் கைக்குழந்தையைக் கொண்டுபோக முடியாது. காலையில் தெருமுனைக்கு வேன் வந்துவிடும். பெண்கள் தலைவாரியும் வாராமலும் ஓடிவந்து, பிள்ளையை செல்லத்தாய் கையில் கொடுத்துவிட்டு, தூக்குச்சட்டியோடு வேனில் ஏறுவார்கள். சாயங்காலம் அந்த வேன் திரும்பும்வரை பிள்ளைகளுக்கு அவள்தான் எல்லாம். எந்தத் துறையும் நடத்துகிற காப்பகமல்ல அது. தன் இளையவன் பிறந்தபோது வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு இருந்தவளிடம் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள், அவளும் விட்டாள். இளையவன் வளர்ந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பிள்ளைகள் வருவது மட்டும் நிற்கவில்லை.

ஆள் நல்லவள். வாய் மட்டும் கொஞ்சம் பெரிது. ரேஷன் கடையில் எடை போடுகிறவர் அவளைப் பார்த்ததும் தராசைத் துடைத்துவிட்டுத்தான் நிறுப்பார். கணவர் அய்யாதுரைக்கு ஊருக்கு மேற்கே கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. மழையை நம்பிச் சோளமும் கொத்தமல்லியும் போடுகிற மனிதர். வீட்டில் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. திறக்க இடம் கிடைத்ததில்லை என்பதும் உண்மை.

இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஊரைச் சுற்றி ஆலைகள். சரக்கு லோடு ஏறுவதற்கு முன்னால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஆலைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். சாம்பிள் என்பது அதற்குப் பெயர். பெரியவர்களுக்கு அது காதிலேயே விழாது. கைக்குழந்தைக்கு அப்படியா? மல்லாந்து தூங்குகிற பிள்ளை, ஒரு வெடி விழுந்ததும் இரண்டு கையையும் விரித்து எதையோ பிடிக்கப் போவதுபோல் தூக்கிப் போடும். முகம் கோணும். அடுத்த நொடி வீடே அதிரும்படி அழும். ஒன்று அழுதால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். அதைத் தூங்கவைத்து நிமிர்வதற்குள் அடுத்த வெடி விழும்.

இதற்கு இந்தப் பக்கத்துப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பிள்ளையைக் குப்புறப் போட்டுவிடுவது. வயிறு தரையில் பட்டுக் கிடக்கிற பிள்ளை திடுக்கிடாது. கை தூக்கிப் போடாது. அடியில் மெத்தென்று மடித்த சேலை, இரண்டு காதுக்கும் இரண்டு பக்கம் தலையணை, தலைக்கு மேலே ஒரு துணி. வெடி பாட்டுக்கு வெடிக்கும், பிள்ளை பாட்டுக்குத் தூங்கும். இந்த வித்தையில் செல்லத்தாயை மிஞ்ச ஆள் கிடையாது. புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் அவளிடம் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போவார்கள். ஐஸ்வர்யாவும் அப்படிக் கற்றுக்கொண்டு போனவள்தான்.

ஐஸ்வர்யா அடுத்த தெருவுக்கு வாழ வந்த பெண். கணவன் பால்பாண்டி லாரியில் லோடு ஏற்றுகிறவன். தலைப்பிள்ளை ஆண். நல்ல கொழுகொழுவென்று இருந்தான். தீபாவளி சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரமெல்லாம் வேலை பார்த்த அலுப்பில், மத்தியானம் அவனைக் குப்புறப் போட்டுவிட்டு ஐஸ்வர்யா பக்கத்தில் படுத்தாள். அன்றைக்கும் சாம்பிள் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் கண் விழித்தபோது பிள்ளை விழிக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. பட்சி தோஷம். பறவை நிழல் பட்டிருக்கிறது என்றார்கள். ஐஸ்வர்யாவின் மாமியார் பேச்சியம்மாள், துணி காயப்போடும்போது மேலே கழுகு வட்டமிட்டதைத் தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். செல்லத்தாயும் தலையாட்டினாள். அவளுக்கும் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

கிராம சுகாதார நர்ஸ் அருணாதேவி அங்கன்வாடியில் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசியது அதற்குப் பிறகு. பிள்ளையை மல்லாக்கத்தான் போட வேண்டும், சமதளத்தில் போட வேண்டும், தலையணை கூடாது, முகத்துக்குப் பக்கத்தில் துணி கூடாது, பச்சைப் பிள்ளைக்குத் தொட்டில் சேலையும் வேண்டாம், பெரியவர்கள் அதே பாயில் ஒட்டிப் படுக்காமல் பக்கத்தில் படுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். செல்லத்தாயால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"மல்லாக்கப் போட்டா வெடிக்கு வெடி முளிச்சுக்கிருமே, நர்சம்மா. வந்து தூங்கவைக்க நீங்க வர்றீகளா? நாங்க குப்புறப் போட்டா அதுபாட்டுக்கு அசையாமத் தூங்குது."

பெண்கள் சிரித்தார்கள். அருணாதேவி கோபப்படவில்லை.

"நீங்க சொல்றது வாஸ்தவம்தாங்க்கா. குப்புறப் போட்டா பிள்ளை அசையாது. எனக்குப் பயமே அதுதான். மூச்சு முட்டினாக்கூட அதுக்கு லேசுல முழிப்பு வராது. பிள்ளைன்னா முழிக்கணும், அழணும். அழுதாத்தானே நாம ஓடிப்போய்ப் பாப்போம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. செல்லத்தாய் கூட்டம் கலையும்வரை காத்திருந்து, யாருக்கும் கேட்காத குரலில், அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே ஊருக்குத் தெரியாது, நர்ஸிடம் கேட்டாள்.

"அப்ப அந்த ஐஸ்வர்யா புள்ள..."

"அதைச் சொல்ல முடியாதுக்கா. அதனாலதான்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. சில பிள்ளைக எந்தக் காரணமும் தெரியாமலும் போகுதுக. ஆனா மல்லாக்கப் போட்டா ஆபத்து குறையும். அது நிச்சயம். இனிமே வர்ற பிள்ளையைப் பாப்போம்."

செல்லத்தாய் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு ராக்காயியைக் காவல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பிள்ளைகள் வரிசையாகக் குப்புறக் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டலில் ஒரு சரம் வெடித்தது. ஒன்றுகூட அசையவில்லை. நேற்றுவரை இதைப் பார்த்தால் அவளுக்குப் பெருமையாக இருக்கும். இன்றைக்கு ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். அத்தனையும் விழித்துக்கொண்டு கத்தின. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஐஸ்வர்யாவுக்குத் தலையணை வைக்கக் கற்றுக்கொடுத்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றோடு திருந்திவிட்டாள் என்று எழுத ஆசைதான். மனுஷி அல்லவா! சாம்பிள் குறைவாக இருக்கும் நாளில் மல்லாக்கப் போடுவாள். வெடி விடாமல் விழுகிற நாளில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றிரண்டைப் புரட்டிவிடுவாள். புரட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். இப்படி அரைகுறையாகவே நாள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஐஸ்வர்யா இரண்டாவது பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள்.

பெண் பிள்ளை. நாள் நிறைவதற்கு முன்பே பிறந்து, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து தேற்றிக் கொடுத்த பிள்ளை. துணிக்குள் முகம் எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். பால்பாண்டி லோடு ஏற்றும்போது இடுப்புப் பிடித்துப் படுக்கையில் கிடந்தான். ஐஸ்வர்யா ஆலைக்குப் போயே ஆக வேண்டும். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, நிற்க முடியாமல் நின்றாள்.

"சித்தி, எனக்கு ஒண்ணும் புரியல. எங்க அத்தை குப்புறப் போடுங்கிறாக. நர்சம்மா மல்லாக்கப் போடுங்கிறாக. நான் ராவெல்லாம் படுக்கிறதே இல்ல. முளிச்சு உக்காந்து மூக்குக்கிட்ட விரல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். எப்படிப் போட்டா இது உசுரோட நிக்கும்? அத மட்டும் சொல்லுங்க."

எந்தக் கேள்விக்கும் உடனே பதில் வைத்திருக்கிறவள் செல்லத்தாய். இந்தப் பெண்ணுக்கு ஒருமுறை பதில் சொல்லியாகிவிட்டது. அது என்னவாயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"மல்லாக்க," என்றாள். "மல்லாக்கத்தான் போடணும். எங்கிட்டக் குடு. நான் பாத்துக்கிறேன்."

சொல்லி வாங்கிக்கொண்டாள். வேன் தெரு திரும்பியதும் பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். அது அன்றைக்கு ஆரம்பித்தது, மாதக்கணக்கில் தீரவில்லை.

பிள்ளை தூங்கினால் பயம். தூங்காவிட்டால், இப்படித் தூங்காமல் கிடந்தால் உடம்பு எப்படித் தேறும் என்று பயம். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஃபேன் காற்றில் சட்டை அசைந்தால் மூச்சா காற்றா என்று சந்தேகம் வரும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். புழுக்கத்தில் பிள்ளை நெளியும், மறுபடி போடுவாள். வட்டிலில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். ஒருநாள் அய்யாதுரையே வாய் திறந்துவிட்டார்.

"நீ மூச்சு விடுறியான்னு ஆரு பாக்குறது?"

அவள் முறைத்த முறைப்பில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புஞ்சைக்குப் போய்விட்டார்.

எல்லாவற்றையும்விட சாம்பிள்தான் அவளைக் கொன்றது. எப்போது விழும் என்று தெரியாது. விழுந்தால் அந்தச் சின்ன உடம்பு பாயிலிருந்து துள்ளும். தற்செயலாக ஒருநாள், வெடி விழுந்த நேரத்தில் அவள் கை பிள்ளையின் நெஞ்சில் இருந்தது. பிள்ளை கண்ணை அரைகுறையாகத் திறந்தது, உதட்டைச் சப்பியது, மறுபடி தூங்கிவிட்டது. செல்லத்தாய்க்குத் தங்கம் கிடைத்த மாதிரி இருந்தது. அழுத்தக் கூடாது, சும்மா வைத்தால் போதும். ஆனால் வெடி விழும்போது கை அங்கே இருக்க வேண்டும். நாள் முழுக்கக் கையை வைத்துக்கொண்டே உட்கார முடியுமா? மற்ற பிள்ளைகளுக்குப் பால் யார் கொடுப்பது?

மறுநாள் ராக்காயியை உட்காரவைத்துவிட்டு ஆலை வாசலுக்கே போய்விட்டாள். போர்மேன் உக்கிரபாண்டி வெளியே வந்தார். பேரில்தான் உக்கிரம். மனிதர் எறும்பைக்கூடச் சுற்றிப் போகிறவர்.

"அண்ணே, சாம்பிளை நினைச்ச நேரமெல்லாம் போடுறீகளே, புள்ளைக தூங்க வேணாமா?"

"என்னத்தா பேசுற? ஆர்டருக்குத் தகுந்த மாதிரிதான் போட முடியும். லோடு நிக்கும்போது புள்ள தூங்குதான்னு கேட்டுட்டா போட முடியும்?"

"உங்க பேத்தி ஆரு வீட்ல வளந்துச்சு?"

அவர் வாசலில் நின்ற வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தார்.

"அது தூங்கும்போது நான் ஒரு ஈயை அண்டவிட்டிருப்பனா? சொல்லுங்க. வாட்ச்மேனுக்கும் கேக்கட்டும்."

வாட்ச்மேனுக்கு மட்டுமா, ஆலைக்குள் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவர்களுக்கும் கேட்டது. உக்கிரபாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். முதலாளியிடம் பேசுவதாகச் சொன்னார். பேசியும் விட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு மொத்தமாக ஒரே நேரத்தில் சாம்பிள் போடுவது, போடுவதற்கு முன் விசில் ஊதுவது என்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்தில் நெருங்கி இருந்தது அந்த ஆலைதான் என்பதால் பெரிய தொல்லை தீர்ந்தது. தொலைவில் விழுகிற வெடிக்குப் பிள்ளைகள் அவ்வளவாகத் துள்ளுவதில்லை.

தீர்ந்ததா என்றால், பாதிதான். விசில் கேட்டதும் ஓடிவந்து உட்கார்ந்து ஒரு கையை ஐஸ்வர்யா பிள்ளை மேல் வைப்பாள், இன்னொரு கையைப் பக்கத்துப் பிள்ளை மேல் வைப்பாள். மிச்சம் மூன்று துள்ளி எழுந்து அலறும். அந்த அலறலில் கை வைத்த இரண்டும் விழித்துக்கொள்ளும்.

இதற்கிடையில் மல்லாங்கிணற்றில் அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து வந்தது. அத்தைக்காரி போகாமல் இருக்க முடியாது. தோடு எடுத்து, சீர்த்தட்டுக்கு எல்லாம் வாங்கிவைத்து, பிள்ளைகளை ராக்காயியிடம் ஒப்படைத்தாள். ராக்காயி எதிர்வீட்டுக்காரி. கம்பெனிக்கு வீட்டிலிருந்தே காகிதக் குழாய் சுற்றிக் கொடுக்கிறவள். தங்கமான மனசு.

"மல்லாக்கத்தான் போடணும், மதினி. தலையணை கிட்டயே வரக் கூடாது."

"சரிங்கிறேன்ல. எத்தன வாட்டி சொல்லுவ?"

பஸ் சிவகாசி தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதற்கப்புறம் செல்லத்தாய்க்கு உள்ளுக்குள் ஏதோ பிசையத் தொடங்கியது. ராக்காயி "சரி" என்று சொன்னபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததே, அது என்ன சிரிப்பு? விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் மல்லாங்கிணறு பஸ் தயாராக நின்றது. நடத்துநர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். படியில் ஒரு காலை வைத்தவள் இறங்கிவிட்டாள். சீர்த்தட்டை அந்த ஊருக்குப் போகிற தெரிந்த ஆள் ஒருவர் கையில் திணித்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஏறினாள். தம்பி அதற்கப்புறம் வெகுநாள் அவளோடு பேசவில்லை. அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

அவள் தெருவுக்குள் நுழையும்போது சாம்பிள் ஓய்ந்துபோயிருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. ஒரு அழுகைகூட இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

ஐந்து பிள்ளைகளும் குப்புறக் கிடந்தன. ஐஸ்வர்யா பிள்ளைக்கு இரண்டு பக்கமும் தலையணை. மேலே துணி. செல்லத்தாய் துணியை வீசி எறிந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். கன்னத்தில் சேலை மடிப்பு பதிந்திருந்தது. தலை தொங்கியது. அவளுக்கு உலகமே நின்றுபோயிற்று. பிறகு பிள்ளை முகத்தைச் சுளித்து ஒரு கொட்டாவி விட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராக்காயியைக் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டாள். ராக்காயியும் முதலில் பொறுத்துப் பார்த்தாள்.

"நான் என்ன கொல்லவா பாத்தேன்? நாலு பெத்தவ நான். அம்புட்டும் குப்புறக் கெடந்து வளந்ததுகதான்." கிடந்த பிள்ளைகளைக் கையால் காட்டினாள். "மல்லாக்கத்தான் போட்டேன், செல்லத்தாயி. சத்தியமா மல்லாக்கத்தான் போட்டேன். வெடி விளுந்ததும் அஞ்சும் சேந்து அலறுச்சு. ஒண்ணைத் தூக்குனா ஒண்ணு வீறிடுது. இதுக்கு அளுது அளுது முகம் கறுத்துப்போச்சு. எனக்கு ரெண்டு கைதான இருக்கு? அஞ்சு புள்ளைக்கு நான் எங்கன போவேன்?"

அது செல்லத்தாய் தினமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற கேள்வி. நர்ஸ் சொன்னது சரி. ராக்காயி சொல்வதும் சரி. நடுவில் கை போதவில்லை, அவ்வளவுதான். ஏசின வாயாலேயே கெஞ்சவும் வேண்டியதாயிற்று.

"ஏசுனதை மனசுல வச்சுக்கிறாத, மதினி. நாளைக்கு விசில் ஊதுனதும் இங்கன வா. சாம்பிள் முடியுற வரைக்கும் ஒரு புள்ள மேல கை வச்சு உக்காரு. வேற ஒண்ணும் வேணாம்."

ராக்காயி மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். வருவாள் என்று செல்லத்தாய் நம்பவில்லை. ஆனால் மறுநாள் விசில் ஊதியதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கைப்பசையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நான்கு கை. வெடி விழுந்தது. ஒரே ஒரு பிள்ளைதான் அழுதது. ராக்காயி நிமிர்ந்து செல்லத்தாயைப் பார்த்தாள். அதற்கு அடுத்த நாள், தன்னோடு குழாய் சுற்றுகிற இன்னொருத்தியையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு அது தெருவின் பழக்கமாகிவிட்டது. விசில் கேட்டால், சுற்றின குழாயைப் போட்டுவிட்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் வருவார்கள். வாசலில் கை கழுவ ஒரு வாளி. உள்ளே பாயைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பிள்ளையின் நெஞ்சில் கை வைப்பார்கள். "கை வைக்கப் போறேன்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஆண்கள் கேலி பேசினார்கள். வேலை கெடுகிறது என்று பெண்களே முணுமுணுத்ததும் உண்டு. முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்கள். அந்த நேரத்தில் ஊர்க்கதை பேசலாம், ஆனால் மெதுவாகப் பேச வேண்டும். செல்லத்தாயே மெதுவாகப் பேசுவதைப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள்.

இத்தனை இருந்தும் அவள் பயம் குறையவில்லை. தன் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் போனபிறகு? ஞாயிற்றுக்கிழமை? அங்கே பேச்சியம்மாள் இருக்கிறாளே. ஞாயிறு வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு, அகப்பை கேட்டோ மாவு சலிக்கிற அரிப்பு கேட்டோ, அடுத்த தெருவுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். பேச்சியம்மாளுக்குப் புரியாமல் இல்லை.

"எங்க புள்ளையை எங்களுக்குப் பாக்கத் தெரியாதாக்கும்?"

"தெரியும் மதினி. எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது."

அந்தப் பேச்சியம்மாளும் ஒருநாள் விசில் சத்தத்துக்கு வந்தாள். உள்ளே வராமல் வெளியே நின்றாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கை கழுவிக்கொண்டு வந்தாள். ராக்காயி நகர்ந்து இடம் கொடுத்தாள். பேரப்பிள்ளை நெஞ்சில் கை வைத்து, வெடி விழ, அந்தச் சின்ன உடம்பு உள்ளங்கைக்கு அடியில் ஒருமுறை அதிர்ந்து அடங்கியதை உணர்ந்ததும் அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கழுகைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவில்லை. வீட்டில் இருந்த சின்னத் தலையணைகளைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள் என்று ஐஸ்வர்யா வந்து சொன்னபோது, செல்லத்தாய் அன்றைக்குத்தான் வட்டில் சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள்.

பிள்ளைக்குச் சதை பிடித்தது. கன்னம் வந்தது. அண்ணன் போன வயதைத் தாண்டியது. அந்த நாட்களில் ஐஸ்வர்யா பிள்ளையைக் கொடுத்துவிட்டு, வேன்காரர் ஹாரன் அடிக்கும்வரை வாசலிலேயே நிற்பாள்.

பிறகொரு நாள். மத்தியானச் சாம்பிள் முடிந்து பெண்கள் போய்விட்டார்கள். செல்லத்தாய் பின்கட்டில் பால் டம்ளர்களை வெந்நீரில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். மல்லாக்கப் போட்டுவிட்டுப் போன பிள்ளை குப்புறக் கிடந்தது.

யார் புரட்டியது? வீட்டில் யாரும் இல்லை. அதை யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. பாய்ந்து போய்க் குனிந்தாள். பிள்ளை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. எச்சில் ஒழுக, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

நம்பிக்கை வரவில்லை. எடுத்து மறுபடி மல்லாக்கப் போட்டாள். பிள்ளை ஒரு காலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டு முனகி, அதையும் இழுத்துக்கொண்டு, தானாகவே கவிழ்ந்து தலையைத் தூக்கியது. இனி மூச்சு முட்டினால் முகத்தைத் தானே திருப்பிக்கொள்ளும். செல்லத்தாய் போட்ட சத்தத்தில் மற்ற பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டன.

தெருவே ஓடிவந்தது. விஷயம் தெரிந்ததும் ராக்காயி தரையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஒருத்தி சீனி டப்பாவைத் திறந்து எல்லார் வாயிலும் போட்டாள். பேச்சியம்மாள் வந்து பிள்ளையைச் சுற்றித் திருஷ்டி கழித்தாள்.

"ஐஸ்வர்யாவுக்குப் போன் போடுவமா?" என்றாள் ராக்காயி. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆபீசுக்குத்தான் போட வேண்டும்.

"வேணாம். ஆபீஸ்லருந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டாலே அவளுக்கு உசுரு போயிரும். வரட்டும். வந்து கண்ணால பாக்கட்டும்."

அவ்வளவு தூரம் யோசித்தவளுக்கு அடுத்தது தோன்றவில்லை. சாயங்காலம் வேன் வருகிற நேரத்துக்குப் பெண்கள் எல்லாரும் செல்லத்தாய் வீட்டு வாசலில் கூடி நின்றார்கள். ஐஸ்வர்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. பேச்சியம்மாளும் நின்றாள். செல்லத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நின்றாள்.

தெருமுனையில் வேன் நின்றது. ஐஸ்வர்யா இறங்கினாள். நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையை விட்டுவிட்டு வந்த வீட்டு வாசலில் கூட்டம். மாமியாரும் நிற்கிறாள்.

தூக்குச்சட்டி விழுந்து உருண்டது. அவள் கத்தவில்லை. ஓடி வரவுமில்லை. நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். கை இரண்டும் மண்ணில் கிடந்தன.

செல்லத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பிள்ளையை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"இருக்காடீ! இந்தா இருக்கா! நல்லா இருக்கா! இங்க பாரு தாயி, என்னப் பாரு!"

பக்கத்தில் விழுந்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தாள். ஐஸ்வர்யா அதைத் தூக்கவில்லை. மண் ஒட்டியிருந்த கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே இருந்தாள். பிள்ளை அவள் கழுத்துத் தாலிக்கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தது. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. தலைப்பிள்ளை போனபோதுகூட அவள் இப்படி அழுததில்லை என்று பேச்சியம்மாள் பிறகு சொன்னாள்.

அழுதுகொண்டே செல்லத்தாயின் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"ஏன் சித்தி இம்புட்டுப் பேரு நிக்கிறீக? ஏன் எல்லாரும் நிக்கிறீக?"

"எம் புத்தி கெட்டுப்போச்சு தாயி. அடி. நல்லா அடி. புள்ள தானா புரண்டுட்டா, அதச் சொல்லத்தான் நின்னோம்."

ஐஸ்வர்யாவின் கை நின்றது. "தானாவா?"

"தானாத்தான். ஆரும் தொடல."

வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளையைப் பாயில் மல்லாக்க விட்டுவிட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பிள்ளை புரளவில்லை. கூரையைப் பார்த்தது, விரலைச் சப்பியது, ராக்காயி கை தட்டிக் கூப்பிட்டதற்கும் அசையவில்லை. மத்தியானத்திலிருந்து புரண்டு புரண்டு களைத்துப்போயிருந்ததோ என்னவோ, அப்படியே கண்ணை மூடித் தூங்கிவிட்டது.

"எளுப்பவா?" என்றாள் ராக்காயி.

"வேணாங்க்கா. தூங்கட்டும்," என்றாள் ஐஸ்வர்யா.

அவள் விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள் என்று செல்லத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். தலை ஒரு பக்கம் சரிந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த தூக்கம் அவளையும் அங்கேயே அமுக்கிவிட்டது.

பெண்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். செல்லத்தாய் மட்டும் விளக்கைப் போடாமல், தாயையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.